வன்னியில் சட்ட உதவிக்குப் போனவர்கள், அங்கே கண்ட மனிதர்களைப் பற்றி எழுதுங்கோ

தர்மபுரத்தான்:

தம்பியின் மணல் கேஸ். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ட்ரக்டர்க்காரன் ஓடிவிட்டான், அனுமதிப்பத்திரம் இல்லை, பக்கத்தில் நின்ற இவன் பிடிபட்டு விளக்கமறியலுக்குப் போய்விட்டான். வெளி லோயருக்குக் கட்டக் காசில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியில் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன்.

சட்டத்தரணி மிஸ் அப்போது கோட்டில் நின்றார். உள்ளே இருந்தது ஒரு கிளாக்கர், ஐம்பதைத் தாண்டிய ஆள். நாங்கள் கதையைத் தொடங்க முதலே "தம்பியின்ரை துண்டு ஏதும் கிடக்கோ அம்மா?" என்று கேட்டார். அம்மாவுக்கு எது தேவை எது தேவையில்லை என்று தெரியாது. "பேர்ஸை அப்படியே மேசையிலை கொட்டுங்கோ" என்றார். பஸ் ரிக்கெட், நேர்த்திக்கு முடிந்து வைத்த காசு, சமுர்த்திப் புத்தகம், மருந்துச் சீட்டு எல்லாம் விழுந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையால் அழுத்தி மடிப்பு நீக்கி வாசித்தார். நாலாக மடித்த ஆஸ்பத்திரித் துண்டு ஒன்று வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தார். தம்பியின் வலது மணிக்கட்டு முறிவு. பிடிபட்ட நாளில் கையில் மாக்கட்டு இருந்திருக்கிறது. "பொலிஸ் அறிக்கையிலை இவர் மண் ஏத்தினதெண்டல்லோ கிடக்கு. இந்தக் கையோடை மண்வெட்டி பிடிக்கேலுமோ?" என்றார். நாங்கள் அதுவரை அதை யோசிக்கவே இல்லை, வழக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் தொடர்பிருக்கும் என்று யார் நினைப்பார்கள்.

துண்டை எடுத்துக்கொண்டு அவரே வெயிலில் கோட்டுக்கு நடந்தார். மிஸ் நகர்த்தல் பத்திரம் போட்டு, தவணைக்கு முன்னரே வழக்கைக் கூப்பிடச் செய்தார். ஆள்பிணையில் தம்பி வெளியே வந்தான். சொந்தக்காரர் எல்லோரும் மிஸ்ஸைச் சுற்றி நின்று நன்றி சொன்னார்கள், அவருக்கு அது தகும். கிளாக்கர் விறாந்தையின் மற்ற அந்தத்தில் அடுத்த தாயின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். கோப்புக்கு இலக்கம் போடுவதுதான் அவருடைய வேலை. பேர்ஸைக் கொட்டச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் அவருக்குச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் நித்திரை வராது.

முள்ளியவளை அக்கா:

எனக்குத் தாபரிப்பு வழக்கு, பிள்ளைச் செலவுக்குத் தகப்பனிடம் காசு கேட்டது. மனுசன் போன கதையை விரித்து எழுத விருப்பமில்லை. முல்லைத்தீவில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய அன்று சின்னவள் கைக்குழந்தை, விட்டுவிட்டு வர வீட்டில் ஆளில்லை. என் பெயரைக் கூப்பிட்டதும் சட்ட உதவியில் தட்டச்சு செய்கிற தங்கச்சி கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எதிர்ப்பக்கத்து லோயர் "தையல் மெசின் இருக்குத்தானே, மாதம் எவ்வளவு உழைக்கிறீர்?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். நான் யன்னலால் பார்க்கிறேன். நீலச் சேலை இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வருகிறது. சின்னவளின் தலை அவளுடைய தோளில் கிடக்கிறது. அது கண்ணில் பட்டபடியால்தான் வாய் தடுமாறாமல் பதில் சொன்னேன்.

எங்கள் மிஸ் என்னை ஒரு கொப்பியில் செலவு எழுதிவைக்கச் சொல்லியிருந்தார். பால்மா, பள்ளிக்கூடச் சப்பாத்து, பனடோல் சிரப் வரைக்கும். அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தாய் உழைக்கிறார் என்பதால் வசதியுள்ள தகப்பனின் கடமை இல்லாமல் போகாது, 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று எழும்பி நின்று வாதாடினார். கட்டளை கிடைத்தது. காசு வராத மாதங்களில் அதை அறவிட மனு எழுதித் தருவதும் அவர்கள்தான்.

வவுனியா வடக்கு:

தர்மபுரத்தான், உங்கள் தம்பி வெளியே வந்தது சந்தோசம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வாசிக்க, அந்தக் கிளாக்கர் புண்ணியத்துக்குச் செய்தது போல் இருக்கிறது. அது உங்கள் தம்பியின் உரிமை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டாக்கிய சட்ட உதவி ஆணைக்குழு அது, காசில்லாதவனும் கோட்டில் ஆளோடு நிற்கவேண்டும் என்பதற்காகத்தான். அமெரிக்காவில் 1963இல் கிடியன் வழக்குத் தீர்ப்பு வந்த பிறகு, பாரதூரமான குற்ற வழக்கில் ஏழைக்கு அரசே லோயர் கொடுக்கவேண்டும் என்றாயிற்று. அங்கே பல இடங்களில் இதற்கென்றே முழுநேர அலுவலகங்கள் இருக்கின்றன. லோயரோடு, ஊருக்குள் போய் விசாரித்து வர ஒருவர், குடும்ப நிலைமையைப் பார்க்க ஒருவர் என்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். எங்கள் கிளாக்கர் அந்த இரண்டு பேருடைய வேலையையும் ஒரு மேசையில் இருந்து பார்க்கிறார். அவரைப் புகழ்ந்துவிட்டு நாங்கள் பேசாமல் இருந்தால் அந்த மேசைக்கு இன்னொரு கதிரை வராது.

என் மச்சானுக்கு ஆணைக்குழு இல்லை, மேல் நீதிமன்றமே நியமித்துக் கொடுத்த சட்டத்தரணி. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கு. சான்று என்று இருந்தது அவன் கொடுத்ததாகச் சொன்ன குற்ற ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றுதான். 1979இல் வந்த அந்தச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி எடுத்த வாக்குமூலம் சான்றாகச் செல்லும். அது சுயமாகக் கொடுத்ததல்ல என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில். அதைச் சுயமாகக் கொடுத்தானா என்று பார்க்கிற உண்மை விளம்பல் விசாரணை நடந்தது. நியமனச் சட்டத்தரணிக்கு நீதிமன்றம் கொடுக்கிற காசு எவ்வளவு சொற்பம் என்பது இங்கே பலருக்குத் தெரியும். அந்த மனிதர் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையை வைத்துக்கொண்டு தழும்பு தழும்பாகக் கேட்டார். ஒரு கட்டத்தில் மச்சானிடம் சேட்டின் கையை மடித்துக் காட்டச் சொன்னார். மச்சானுக்குப் பொத்தான் கழற்ற வரவில்லை, விரல் நடுங்கியது. பக்கத்தில் நின்ற உரைபெயர்ப்பாளர் யாரும் சொல்லாமலே குனிந்து பொத்தானைக் கழற்றிவிட்டார். பிறகு நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்த்தார்.

இதை வன்னிக்கு வெளியே இருப்பவர்கள் விளங்கிக்கொள்ளவேண்டும். 2017இல் வவுனியாவில் நடந்த வழக்கைச் சிங்களத்தில் வழக்கு நடக்கிற அநுராதபுரத்துக்கு மாற்றியபோது மூன்று கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்களே, அது தூரப் பிரச்சினை மட்டுமில்லை. தன்னுடைய பாசையில் தன்னுடைய வழக்கைக் கேட்கிற பிரச்சினை.

அடம்பன்:

வழக்குக் கதை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். மாமியின் மகன் 2009இல் காணாமல் போனவர். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் மரணச் சான்றிதழ்தான் எடுக்கலாம் என்றிருந்தது. மாமி அந்தப் படிவத்தைத் தொடவே மாட்டார். 2016இல் அதைத் திருத்தி, காணாமற்போனவர் என்றே சான்றிதழ் எடுக்க வழி வந்த பிறகு ஒரு நடமாடும் சேவைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கடைசியாக எங்கே, எப்போது கண்டது என்று கேட்ட சட்ட உதவி அலுவலருக்கு மாமி, மகன் போட்டிருந்த சாரத்தின் நிறத்திலிருந்து கதைக்கத் தொடங்கிவிட்டார். பின்னால் பெரிய வரிசை. அந்தப் பிள்ளை ஒரு தரமும் "சுருக்கமாச் சொல்லுங்கோ அம்மா" என்று சொல்லவில்லை. எழுதி முடித்து முழுவதையும் வாசித்துக் காட்டி, "சாரத்தின்ரை நிறம் சரியோ அம்மா?" என்று கேட்டார். மாமி தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அக்கராயன் விவசாயி:

எனக்கும் காணிப் பிரச்சினையில் உதவினார்கள், நல்ல மனிதர்கள். அதைவிட முக்கியம், இனிப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகவேண்டியவை.

வெறுங்கையோடு போகாதீர்கள். அடையாள அட்டை, விதானையாரின் (கிராம அலுவலரின்) வருமானக் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, முந்தைய வழக்கு இருந்தால் அதன் இலக்கம், எல்லாவற்றிலும் போட்டோக் கொப்பி. மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். வருமானம் பார்த்துத்தான் கோட்டில் தோன்றுவார்கள், ஆலோசனை கேட்கத் தடையில்லை. ஆளைப் பொலிஸ் பிடித்தால் சாதாரண வழக்கில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோகவேண்டும். பொலிஸ் நிலையத்துக்கே சட்டத்தரணி போய்க் கட்சிக்காரருக்காகக் கதைக்கலாம், அதற்கு 2012இல் விதி வந்துவிட்டது. "லோயர் இங்கை வரேலாது" என்றால் நம்பவேண்டாம்.

காணி என்றால், எங்கள் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப் பெர்மிட். பின்னுரித்தாளர், அதாவது உங்களுக்குப் பிறகு காணி போகவேண்டியவர், பெயர் பதிந்திருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் இன்றைக்கே பாருங்கள், செத்த பிறகு பார்க்கவேண்டாம். பதியாமல் விட்டால் முன்னர் மூத்த ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம், 2022இல் அதைத் திருத்திவிட்டார்கள். பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை உரக்க வாசித்துக் காட்டுங்கள். இடம்பெயர்ந்திருந்தபோது உறுதிக் காணியை வேறு ஆள் பிடித்து, காலம் கடந்துவிட்டது என்று சொன்னால் 2016ஆம் ஆண்டின் ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 1983 மே முதல் 2009 மே வரைக்குமான காலம் அதில் வருகிறது.

தவணைக்கு எட்டரைக்கே போய் நில்லுங்கள். உங்கள் பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் தேத்தண்ணிக் கடையில் நின்றால் எந்தக் கிளாக்கராலும் காப்பாற்ற ஏலாது.

இரணைமடு மகள்:

என் அப்பாவும் ஒரு லோயரிடம் கிளாக்கராக இருந்தவர், அதனால் இந்த இழையை விட்டுப் போக மனமில்லை. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவு திறந்து வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். அம்மா அரிசிப் பையைத் தூக்குகிறார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லோயரின் அறைக்குப் போய்விட்டார். அம்மாவுக்குச் சரியான கோபம். கீழ்த்தட்டில் இருந்தவை காசு வாங்காமல் எடுத்த தாபரிப்புக் கோப்புகள். "மற்றவைக்கு வீட்டிலை கொப்பி இருக்கும், இதுகளுக்கு நான்தான் கொப்பி" என்று பிறகு சொன்னார். ஈரமான கட்டு ஒன்றை எங்கள் கொடியில் உடுப்புக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுக் காயவிட்டதைக் கண்ணால் கண்டேன்.

வவுனியா வடக்கு:

அக்கராயன், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொன்னீர்கள், அது வழக்குப் போடக் கொடுத்தது 2 வருட அவகாசம் என்பதைச் சொல்லவில்லை. பாவம், சனம் அதை நம்பி அலையக்கூடாது. கோப்பைக் கொண்டுபோய்க் காட்டி, திகதியை முதலில் கேளுங்கள்.

இரணைமடு மகள், உங்கள் அப்பாவின் கதையைக் கேட்ட பிறகும் நான் சொன்னதைத்தான் சொல்வேன், இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். அந்த மனிதர்களுக்குப் பாராட்டுச் சொல்லவேண்டும். அதை எழுத்தில், அவர்களுக்கு மேலே இருப்பவர்களின் மேசைக்குப் போகிற மாதிரிச் சொல்லவேண்டும். ஆள் பற்றாக்குறையையும் அதே கடிதத்தில் கேட்கவேண்டும்.

தர்மபுரத்தான்:

வவுனியா வடக்கு, உரிமை என்பதை நான் மறுக்கவில்லை. உரிமை சட்டத்தில் இருந்தது, துண்டு பேர்ஸுக்குள் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது அந்தக் கை. ஆனால் கடித யோசனை சரி. கொழும்பில் தலைமையகத்துக்கு ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி. முள்ளியவளை அக்கா, அந்தத் தட்டச்சுத் தங்கச்சியைப் பற்றி நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே சேர்க்கலாமா? சரி என்றால் இந்தக் கிழமைக்குள் வரைவை இங்கே போடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கோ.