ஏஞ்சலா, ஸ்பைக்கா? ஒரே தெரு, இரண்டு எபிசோடு (மூன்று ரசிகர்கள் பேசிக்கொண்டது)

நள்ளிரவு:
'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' என்ற அமெரிக்க டிவி தொடரில் பஃபியைக் காதலிக்கும் இரண்டு வாம்பயர்கள் ஏஞ்சலும் ஸ்பைக்கும். யாருக்கு ஆழம் அதிகம் என்று எடைபோட இரண்டு எபிசோடு போதும். பஃபி 5ஆம் சீசனில் 7ஆவது, 'ஃபூல் ஃபார் லவ்'. அது முடிந்த கையோடு அதன் கிளைத் தொடரான 'ஏஞ்சல்' 2ஆம் சீசனில் 7ஆவது, 'டார்லா'. 2000 நவம்பரில் ஒரே இரவில் அடுத்தடுத்து ஒளிபரப்பானவை. இரண்டிலும் 1900, சீனா, வெளிநாட்டவருக்கு எதிரான பாக்ஸர் கலவரம். பற்றியெரியும் தெருவில் நாலு வாம்பயர்கள் நடந்து வரும் அதே காட்சி. முதல் தடவை ஸ்பைக் மட்டும்தான் கண்ணில் படுவான், அந்தக் காலத்து ஸ்லேயரை, அதாவது வாம்பயர் வேட்டைக்காரியை, கொன்ற மிதப்பில். ஏஞ்சல் உம்மென்று இருப்பான். பொறாமை என்று நினைப்போம். 'டார்லா'வில்தான் விஷயம் புரியும்: வாம்பயருக்கு ஆன்மா கிடையாது, ஆனால் 1898லேயே அவனுக்கு அது திரும்பிவிட்டது, பழைய கூட்டத்தோடு சேர்ந்திருக்க நடிக்கிறான். சந்தில் ஒரு மிஷனரிக் குடும்பம் பதுங்கியிருக்கிறது. இவர்களை அங்கிருந்து கிளப்பத்தான் 'போரடிக்கிறது, போகலாம்' என்கிறான். வரிசையை மாற்றிப் பார்த்தால் இது உறைக்காது.

பழைய டிவிடி:
அந்த ஜோடி எபிசோடில் ஸ்பைக் பங்கும் லேசில்லை. 1880 லண்டனில் ஊரே கேலி செய்த மோசமான கவிஞன் அவன். அவன் காதலித்த சிசிலி 'நீ எனக்குக் கீழானவன்' என்கிறாள். 120 வருடம் கழித்து பஃபியும் அதையே சொல்லிக் காசை வீசிவிட்டுப் போகிறாள். துப்பாக்கியோடு கொல்லப் போனவன், அவள் படியில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுக்கிறான், அதுவும் தட்டத் தெரியாமல். பஃபி 7ஆம் சீசனின் 2ஆவது எபிசோடுக்கு 'பினீத் யூ' (உனக்குக் கீழே) என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

மூன்றாம் வரிசை:
பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'ஏஞ்சலுக்கு ஆன்மா சாபமாக வந்தது, ஸ்பைக் தேடிப் போய் வாங்கினான், ஆகவே ஸ்பைக்தான் ஆழம்' என்பார்கள். எதற்காகத் தேடிப் போனான்? பஃபி 6ஆம் சீசன் 19ஆவது, 'சீயிங் ரெட்'டில் பஃபியைப் பலாத்காரம் செய்ய முயன்றான். ரசிகர்கள் வெட்டி ஒட்டும் வீடியோக்களில் அந்தக் குளியலறைக் காட்சி இருக்காது. அது இல்லாமல், 'பினீத் யூ'வில் சிலுவைமேல் சாய்ந்து உடம்பு புகைய நிற்பது வெறும் அலங்காரம்.

நள்ளிரவு:
ஒப்புக்கொள்கிறேன். அதோடு, ஸ்பைக்குக்கு வசனம் அதிகம். அதனால் ஆழமும் அதிகம் மாதிரி தெரியும். பஃபி செத்துக் கிடந்த 147 நாளையும் எண்ணி வைத்திருந்து, அவள் உயிரோடு திரும்பியதும் அவளிடமே சொல்லிவிடுவான். 'ஏஞ்சல்' 1ஆம் சீசன் 8ஆவதில் ஏஞ்சலும் பஃபியும் சேர்ந்திருந்த ஒரு நாள் அழிந்துபோகிறது. அது ஏஞ்சலுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும். அவளிடம் அவன் வாயே திறப்பதில்லை.