மூக்குக்குள் சிவப்புச் சதை: மூக்கை அரித்துவிடுமா?

கேள்வி (காளையார்கோவில் பக்கம்):
தம்பிக்கு 15 வயசு. ஒரு மாதமாக இடது மூக்கு அடைப்பு, சிந்தினால் ரத்தம். நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பாகச் சதை, மேலே ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கூகுளில் தேடினால் ஒட்டுண்ணி மூக்கையும் வாயையும் அரித்த படங்களாக வருது. அம்மாவிடம் காட்டவில்லை. பையன் எருமையோடு கண்மாயிலேயே கிடப்பான். இது அதுதானா?

பதில் (மானாமதுரைக்காரன்):
முதலில் அந்தப் படங்களை மூடுங்க. அது லீஷ்மேனியா. பிரேசில், பெரு, பொலிவியா பக்கம் மணல் ஈ கடித்து வருவது. தோல் புண் ஆறி வருஷக்கணக்கில் கழித்துக்கூட மூக்கின் நடுத்தண்டை ஓட்டை போட்டு, அண்ணம், உதடு வரை போகும்.

நீங்க சொல்வது பெரும்பாலும் நம்ம கண்மாய்ச் சரக்கு, ரைனோஸ்போரிடியோசிஸ். எனக்கு இரண்டு ஆபரேஷன் ஆச்சு. அந்த ரவைப் புள்ளி ஒவ்வொன்றும் வித்து நிறைந்த பை. இது அரிக்காது, வளரும். எனக்குத் தொண்டைக்குள் இறங்கி உள்நாக்குக்குப் பின்னால் தொங்கியது. சோறு விழுங்கினால் இடிக்கும். முதலில் பார்த்த இடத்தில் வெட்டினதோடு விட்டார்கள், எட்டே மாதத்தில் திரும்ப முளைத்தது. அடுத்த டாக்டர் வெட்டி, வேரையும் கருக்கிவிட்டு டாப்சோன் கொடுத்தார். அது தொழுநோய் மாத்திரையும்கூட. மருந்துக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்!

வேடிக்கை என்னன்னா, இதையும் 1900-இல் முதலில் எழுதியவர் தென் அமெரிக்காக்காரர், அர்ஜென்டினாவின் கில்லெர்மோ சீபர். ரொம்ப நாள் பூஞ்சை என்றார்கள். டி.என்.ஏ. பார்த்த பிறகு மீன் ஒட்டுண்ணிகளுக்குச் சொந்தம் என்று மாற்றினார்கள்.

பதில் (வேறொருவர்):
வேப்பெண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க, சுருங்கிடும்.

மானாமதுரைக்காரன்:
ஐயா, பஞ்சு பட்டாலே ரத்தம் கொட்டும் சதை அது. எண்ணெயும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்க. எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்க.

கேட்டவர்:
வீட்டில் எல்லாருக்கும் ஒரே துண்டு. ஒட்டுமா?

மானாமதுரைக்காரன்:
ஆளுக்கு ஆள் ஒட்டாது. தேங்கின தண்ணியில் முங்குவதுதான் வினை. கண்மாயை நிறுத்துங்க.

கேட்டவர்:
திங்கட்கிழமை மதுரை போறோம் அண்ணே. இனி எருமையை நானே குளிப்பாட்டுறேன்னு சொன்னேன். "அப்ப உனக்கு வராதா?"ங்கிறான்.

மானாமதுரைக்காரன்:
பையன் கேட்டது நியாயம்தானே. கரையில் நின்னு வாளியில் மொண்டு ஊத்துங்க.