இரட்டை அடுக்கு டிவிடி எழுதும்போது சரியாகப் பாதியில் நின்றுவிடுகிறது

கல்யாணக் கேமரா எழுதியது:

வணக்கம். திருமணங்களைப் படம்பிடித்துத் தருவது என் தொழில். இப்போது பெரும்பாலோர் பென்டிரைவ் கேட்டாலும், பீரோவில் பத்திரப்படுத்த டிஸ்க்கும் வேண்டும் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருப்பதால், வீடியோ கோப்புகளையும் படங்களையும் சேர்த்து 8.5 ஜிபி கொள்ளளவுள்ள டிவிடி+ஆர் டிஎல் (ஒரே பக்கத்தில் இரண்டு பதிவு அடுக்குகள் கொண்ட) டிஸ்கில் எழுதிக் கொடுத்து வருகிறேன். சென்ற மாதம் வாங்கிய 10 டிஸ்க் டப்பாவில் இதுவரை ஏழை எழுதியதில் நான்கு வீணாகிவிட்டன. நான்கும் 50 சதவீதத்தில்தான் நின்றன. அதுவரை சீராக ஓடிக்கொண்டிருந்த டிரைவ் சட்டென்று வேகம் தணிந்து, உள்ளே லென்ஸ் நகரும் 'டக், டக்' ஓசையை மூன்று நான்கு முறை எழுப்பிவிட்டு, எழுதுவதில் பிழை என்று திரையில் காட்டுகிறது.

மேசைக் கணினிக்குள் பொருத்திய சாட்டா டிரைவ், டிஸ்க் எழுதும் மென்பொருள் இம்ஜ்பர்ன் 2.5.8.0, வேகம் 8 எக்ஸ் (டிவிடியின் அடிப்படை வேகத்தைப் போல 8 மடங்கு). அதே டிரைவில் 4.7 ஜிபி டிஸ்குகள் ஒன்றுகூடப் பழுதாகவில்லை என்பதால் டிரைவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று எழுதி முடித்தபின் செய்யும் சரிபார்ப்பை அணைத்து வைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய பிசி எழுதியது:

8 எக்ஸ் வேகத்தில் இரட்டை அடுக்கை எழுதினால் இப்படித்தான் ஆகும். இருப்பதிலேயே குறைந்த வேகமான 2.4 எக்ஸ் வைத்து எழுதிப் பாருங்கள். முக்கால் மணி நேரம் ஆகும் என்றாலும் டிஸ்க் மிஞ்சும்.

ஒளித்தடம் எழுதியது:

வேகத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். இம்ஜ்பர்ன் ஒவ்வொரு முறையும் லாக் (நடந்தவற்றின் குறிப்பு) சேமித்து வைக்கும். அதில் மொத்த செக்டர் (தரவு பதியும் சிறு துண்டு) எண்ணிக்கை எவ்வளவு, பிழை எந்த செக்டரில் வந்தது, டிஸ்கிலேயே தயாரிப்பாளர் பதித்த அடையாளக் குறியீடு என்ன என்ற மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். அட்டையில் அச்சிட்ட பிராண்டுப் பெயர் எனக்கு வேண்டாம். டிஸ்க்கைத் தயாரித்தவர் யார் என்பதை அது பல வேளைகளில் சொல்வதில்லை.

கல்யாணக் கேமரா எழுதியது:

கடைசியாக வீணான டிஸ்கின் லாக் இது: மொத்தம் 40,52,736 செக்டர், பிழை வந்த செக்டர் 20,26,368. அடையாளக் குறியீடோ அட்டையில் உள்ள பெயருக்குச் சற்றும் தொடர்பில்லாத ஏதோ ஒன்றாக இருக்கிறது.

ஒளித்தடம் எழுதியது:

மொத்தத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். ஒரு செக்டர்கூடப் பிசகாமல் அடுக்கு மாறும் இடத்தில் நின்றிருக்கிறது. தரவு எட்டே கால் ஜிபியைத் தாண்டினாலும் ஏழு ஜிபியாக இருந்தாலும், மென்பொருள் அதைச் சரிபாதியாகப் பிரித்து, 16 செக்டர் கொண்ட ஒரு பிழைதிருத்தத் தொகுதி முடியும் இடத்தில் அடுக்கை மாற்றுகிறது; இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கைவிட நீளமாக இருக்கக் கூடாது என்பது விதி.

முதல் அடுக்கை லேசர் உட்பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி எழுதிக்கொண்டு போகிறது. பாதி முடிந்ததும் விளிம்பருகிலேயே நின்று, ஏறத்தாழ 55 மைக்ரான் ஆழத்தில் உள்ள இரண்டாம் அடுக்கின் மேல் குவியத்தை மாற்றிக்கொண்டு, அங்கிருந்து உள்நோக்கி எழுதத் தொடங்குகிறது. இந்த இரண்டாம் அடுக்கை அடையும் ஒளி, ஒளியை அரைகுறையாகவே உள்ளே விடும் முதல் அடுக்கை ஊடுருவித்தான் போக வேண்டும் என்பதால் கூடுதல் திறன் தேவைப்படுகிறது. தரவு பதியும் சாயப் பூச்சு சீராக இல்லாத டிஸ்க் பெரும்பாலும் விளிம்பில்தான் காட்டிக்கொடுக்கும். நீங்கள் கேட்ட 'டக், டக்' ஓசை, குவியம் பிடிக்காமல் டிரைவ் மீண்டும் மீண்டும் முயன்றதுதான்.

ஒற்றை அடுக்கு டிஸ்க் பழுதில்லாமல் வருவதை வைத்து டிரைவுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. ஒற்றை அடுக்கில் குறைந்தது 45 சதவீத ஒளி திரும்பி வரும். இரட்டை அடுக்கிலோ அது 30 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். லென்ஸில் படிந்த மெல்லிய தூசு முன்னதில் தெரியாமல் போய், பின்னதில் கவிழ்த்துவிடலாம். ஆனாலும் என் சந்தேகம் முதலில் டிஸ்க் மேல்தான் விழுகிறது. ஒவ்வோர் அடையாளக் குறியீட்டுக்கும் எந்தத் திறனில், எந்தத் துடிப்பில் எழுத வேண்டும் என்ற முறை டிரைவின் ஃபர்ம்வேரில் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் இயக்க மென்பொருளில்) பதிந்திருக்கும். பட்டியலில் இல்லாத டிஸ்க் வந்தால் டிரைவ் ஒரு பொதுவான முறையை வைத்து ஒப்பேற்றும். எனவே டிரைவ் தயாரிப்பாளரின் கடைசி ஃபர்ம்வேரைப் போடுங்கள். எம்கேஎம்-003-00 என்ற குறியீடுள்ள டிஸ்க்கைத் தேடி வாங்குங்கள்.

வேகத்தில் பழைய பிசி அவர்களோடு பாதி உடன்படுகிறேன். 2004-இல் முதன்முதலாக வந்த டிஸ்குகள் 2.4 எக்ஸுக்கே செய்யப்பட்டவை, அவற்றுக்கு அந்த அறிவுரை பொருந்தியது. 8 எக்ஸ் டிஸ்க்கை அவ்வளவு மெதுவாக எழுதுவதற்கான முறையைப் பல டிரைவ்கள் செப்பமாக வைத்திருப்பதில்லை, சில அந்த வேகத்தையே தருவதில்லை. 4 எக்ஸ் வையுங்கள், 25 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று: கோப்புகளை 7.4 ஜிபிக்குள் சுருக்க முடிந்தால், அடுக்கு மாறும் இடம் விளிம்பிலிருந்து இன்னும் இரண்டரை மில்லிமீட்டர் உள்ளே வந்துவிடும். பார்வைக்கு அற்பமான இடைவெளி, ஆனால் பூச்சு மோசமாக இருப்பது அந்த ஓரத்தில்தான்.

சரிபார்ப்பை அணைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தப்பிய மூன்று டிஸ்குகள் எழுதி முடிந்தன என்பதுதான் உங்களுக்குத் தெரியும். படிக்கின்றனவா என்று நீங்கள் பார்க்கவே இல்லை.

நகரும் நிழல் எழுதியது:

யுஎஸ்பியில் இயங்கும் மெலிந்த டிரைவ் வைத்திருக்கும் வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு குறிப்பு. பிழை ஒருமுறை 30 சதவீதத்திலும் மறுமுறை 80 சதவீதத்திலும் என்று இடம் மாறி மாறி வந்தால் டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். முன்பக்கத் துளையில் செருகி இரண்டு டிஸ்க்கைப் பாழாக்கிய நான், மதர்போர்டோடு நேராக இணைந்த பின்பக்கத் துளைக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

கல்யாணக் கேமரா எழுதியது:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். ஃபர்ம்வேரை மாற்றி, 4 எக்ஸில், அதே டப்பாவின் எட்டாவது டிஸ்க்கை எழுதினேன். மீண்டும் அதே பாதியில் நின்றது. ஒன்பதாவதை 7.4 ஜிபிக்குச் சுருக்கி எழுதியபோது எழுதுதல் முடிந்தது, ஆனால் சரிபார்ப்பு அடுக்கு மாறிய சற்று நேரத்தில் படிக்க முடியாத செக்டர் என்று நின்றுவிட்டது. பிறகு எம்கேஎம் குறியீடுள்ள டிஸ்குகள் ஐந்து வாங்கினேன். முதல் மூன்றை முழு 8.3 ஜிபியோடு எழுதினேன்; மூன்றும் சரிபார்ப்பில் தேறின.

முன்பு தப்பியதாக நான் நினைத்த மூன்றில் ஒன்று கடையிலேயே இருந்தது. அதைப் படிக்கவைத்துப் பார்த்தபோது தாலி கட்டும் பகுதியுள்ள கோப்பு பாதிக்கு மேல் திறக்கவில்லை. மற்ற இரண்டும் வாடிக்கையாளர் வீட்டில் இருக்கின்றன. மூலக் கோப்புகள் என் ஹார்ட் டிஸ்கில் இருப்பதால், இரு வீட்டாருக்கும் இன்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, மீதியுள்ள இரண்டு டிஸ்குகளில் அவர்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன், இம்முறை சரிபார்ப்போடு.