யூரியா போட்ட வயலில் தலைப்பிரட்டைகள் சாகின்றன, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குறுவை நட்டிருக்கிறேன். போன வாரம் மேலுரமாக யூரியா வீசினேன். இரண்டாம் நாள் மதியம் மடையோரம் பார்த்தால், நூற்றுக்கணக்கான தலைப்பிரட்டைகள் வயிறு மேலே தெரிய மிதக்கின்றன. காலையில் அவ்வளவும் துள்ளிக்கொண்டிருந்தவை. பூச்சிமருந்து எதுவும் அடிக்கவில்லை.

படித்துப் பார்த்தேன். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. நீரில் கரைந்தபின் யூரியா படிப்படியாக அமோனியாவாக மாறுகிறது. வயலில் பாசி இருந்தால் பகல் வெயிலில் நீரின் காரத்தன்மை ஏறும், அப்போது அமோனியாவின் நச்சும் கூடும். தலைப்பிரட்டை செவுளால் சுவாசிப்பது, மேல்தோலும் மெல்லியது, தப்பிக்க வேறு இடமும் கிடையாது. பிழைத்தவையும் மந்தமாகி, சரியாக வளராமல் போகலாமாம். அந்த அமோனியா பிறகு நைட்ரேட்டாகவும் மாறும். அமெரிக்காவின் ஓரிகன் புள்ளித் தவளையை வைத்துச் செய்து 1999இல் வெளிவந்த ஆய்வில், குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட நைட்ரேட் அளவே அதன் குஞ்சுகளைக் கொன்றிருக்கிறது. குடிக்கலாம் என்கிற தண்ணீர்!

என் சந்தேகம் இதுதான்: மீன்தொட்டிக்கு விற்கும் அமோனியா சோதனைக் குப்பி வயல் நீருக்குச் சரிவருமா? சேறு கலந்திருந்தால் நிறம் ஏமாற்றுமா? நீரை வடித்துவிட்டு உரம் போட்டு, மண்ணில் இறங்கியபின் பாய்ச்சுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இலை வண்ண அட்டை (இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையை அறியும் அட்டை) பார்த்து, யூரியாவைப் பல தடவையாகப் பிரித்துப் போட்டவர்களும் சொல்லுங்கள். அடுத்த மேலுரத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அப்புறம், "தவளைதானே" என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வீட்டிலேயே கேட்டாயிற்று.