நீலம் என்று வாங்கிய ஹைட்ரேஞ்சியா ரோஸாகப் பூத்துவிட்டது. இது புது ரகம்தானா?

கோரிமேட்டு வாசல் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு சேலம் கோரிமேட்டில், ஏற்காடு மலைப்பாதைக்குப் போகும் வழியில் இருக்கிறது. வாசலுக்கு இடது பக்கம் பத்தடிக்கு நாலடி இடம். காலை ஒன்பது, ஒன்பதரை வரைதான் வெயில், அப்புறம் பக்கத்து மாடியின் நிழல். அந்த இடத்துக்காகப் போன மே மாதம் ஏற்காட்டில் ஒரு நர்சரியில் ஹைட்ரேஞ்சியா வாங்கினேன். 600 ரூபாய். "எண்ட்லெஸ் சம்மர்னு புது ரகம்ங்க, வருஷத்துல ரெண்டு மூணு தடவை பூக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது செடியில் மூன்று கொத்து, மூன்றும் நல்ல நீலம்.

வாங்கியது அம்மாவுக்காக. அம்மா பிறந்து வளர்ந்தது ஏற்காட்டில், தாத்தா காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. அவர்கள் இருந்த லைன் வீட்டுப் படி ஓரம் இந்த நீலப் பூ புதர் புதராக இருந்ததாம். இப்போது அம்மாவுக்கு மூட்டுவலி. கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றல் வேறு, மலைக்கு வரவே மாட்டேன் என்கிறார். சரி, பூவை வாசலுக்கே கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஜூனில் பூ காய்ந்தது. என் வீட்டுக்காரர் கொத்தோடு சேர்த்துத் தண்டையும் முக்கால்வாசி வெட்டிவிட்டார். நான் பெரிய சிமெண்ட் தொட்டி வாங்கி, செம்மண், தொழு உரம், இரண்டு கைப்பிடி எலும்புத்தூள் போட்டு மாற்றி நட்டேன். வாரம் ஒரு முறை முட்டை ஓட்டுத் தூளும் போடுகிறேன். தண்ணீர் வீட்டு போர் தண்ணீர். ஆகஸ்ட் கடைசியில் ஒரே ஒரு கொத்து வந்தது, அதுவும் வெளிர் ரோஸ். நீலம் துளிகூட இல்லை. இப்போது ஐப்பசியில் கொழுந்து இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

வேறு செடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா? அம்மா பூவைப் பார்த்துவிட்டு "இது எங்க வீட்டுப் பூ இல்லம்மா" என்று சொன்னதிலிருந்து மனதே சரியில்லை.

அம்மாபேட்டை மாடித்தோட்டம்:

ஏமாற்றினார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை அக்கா. நான் இரண்டு தடவை வாங்கி, இரண்டுமே ஏப்ரல் வெயிலில் போய்விட்டது. மாடி என்பதால் இன்னும் மோசம். உங்களுக்குத் தரையும் நிழலும் இருப்பதால் முயற்சி செய்யலாம். எனக்கு சேலத்தில் நம்பிக்கையாகப் பூப்பது முசாண்டா, இட்லிப்பூ, நந்தியாவட்டை இவைதான். கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருப்பது இரும்புச் சத்து ஏறாததன் அடையாளம், என் செம்பருத்திக்கும் வந்தது.

நாகலூர் தோட்டக்காரன்:

வணக்கம்ங்க. ஏற்காடு நாகலூர் பக்கம் ஒரு பங்களாவில் 22 வருஷமாகத் தோட்ட வேலை பார்க்கிறேன். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். உங்களை யாரும் ஏமாற்றவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்கான சாட்சி நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது.

ஜூனில் தண்டை முக்கால்வாசி வெட்டினீர்கள், ஆகஸ்டில் புதிதாக வந்த தண்டில் கொத்து வந்தது. சாதாரண ஹைட்ரேஞ்சியா அப்படிச் செய்யவே செய்யாது. அது போன வருஷத் தண்டில்தான் பூக்கும். குளிர் மாதங்களில் நுனியில் மொட்டு உள்ளுக்குள்ளேயே கட்டிவிடும், கோடையில் விரியும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பங்களாவுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தை மாதம் சுவர் ஓரத்துப் புதர் முழுவதையும் அழகாகக் கத்தரித்துவிட்டேன். மே மாதம் கோடை விழா, ஊர் முழுக்கப் பூ, எங்கள் சுவர் ஓரம் மட்டும் வெறும் இலை. முதலாளி அம்மா திட்டவில்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் அந்தப் பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

எண்ட்லெஸ் சம்மர் ரகத்தின் புதுமையே இதுதான். பழைய தண்டிலும் பூக்கும், அந்த வருஷம் விட்ட புதுத் தண்டிலும் பூக்கும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் பெய்லி நர்சரி என்ற பெரிய நாற்றங்காலில் 1998-ல் மைக்கேல் டிர் என்ற ஜார்ஜியா பல்கலைக்கழகப் பேராசிரியர் இதன் அருமையைக் கவனித்தார். 2004-ல் விற்பனைக்கு வந்தது. அந்த ஊர்ப் பனியில் பழைய தண்டின் மொட்டெல்லாம் கருகிப்போகும், அதனால் இந்த வகைச் செடி அங்கே இலையோடு நின்றுவிடும். புதுத் தண்டில் பூக்கிற ஒன்று கிடைத்ததும் அவர்களுக்கு அது பெரிய விஷயம். நமக்குப் பனி இல்லை, ஆனால் கத்தரிக்கோல் இருக்கிறதே! உங்கள் வீட்டுக்காரர் வெட்டியும் அது பூத்திருக்கிறது என்றால் ரகம் சரியானதுதான்.

இனி நிறம். இந்தச் செடியில் நீலமும் ரோஸும் தனித்தனி ரகம் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் ரகத்தில் அப்படி இல்லை. நாம் இதழ் என்று சொல்வது உண்மையில் புல்லி இதழ். அதிலுள்ள சாயத்தோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் ரோஸ். அலுமினியம் எல்லா மண்ணிலும் இருக்கிறது, ஆனால் மண் புளிப்பாக இருந்தால்தான் அது கரைந்து வேருக்குப் போகும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) ஐந்து, ஐந்தரை என்றால் நீலம். ஆறரைக்கு மேலே போனால் ரோஸ். நடுவில் ஊதா. (வெள்ளை ரகங்கள் மட்டும் எதற்கும் மாறாது.)

எங்கள் மலை மண் புளிப்பு மண். இங்கே உச்சிகளில் பாக்சைட் கிடைக்கிறது, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் லாரியில் போனது. அந்த மண்ணில் மழையும் சில்வர் ஓக் இலைமக்கும் சேர்ந்தால் நீலத்துக்குக் கேட்பானேன். ஆனால் எங்கள் பங்களாவிலேயே சுண்ணாம்பு அடித்த சுவரை ஒட்டி இரண்டு செடி இருக்கிறது, அவை ரோஸ். நாலடி தள்ளி, அதே தாய்ச்செடியில் நான் பதியன் போட்டு எடுத்தது, நல்ல நீலம். மழையில் சுவர்ச் சுண்ணாம்பு கரைந்து வேருக்கு இறங்குவதால் வரும் வித்தியாசம் அது.

இப்போது உங்கள் தொட்டியைப் பாருங்கள். சிமெண்ட் தொட்டி, அதிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்பு. எலும்புத்தூளில் சுண்ணாம்பும் உண்டு, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உண்டு. மணிச்சத்து அதிகமானால் அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இதற்கு மேல் போர் தண்ணீர். நீங்கள் அன்பாகப் போட்டது எல்லாமே அந்தச் செடியை ரோஸ் பக்கம் தள்ளியிருக்கிறது. இலை மஞ்சளாவதும் இதே காரணத்தால்தான், கார மண்ணில் இரும்பு ஏறாது.

கருப்பூர்வாசி:

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கருப்பூர், செட்டிச்சாவடி, கோரிமேடு எல்லாம் வெள்ளைக்கல் பூமி. மாக்னசைட் சுரங்கத்தைச் சுற்றி இருக்கிற நம் போர் தண்ணீரில் பக்கெட் அடியில் ஒரு வாரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். மீன் தொட்டிக் கடையில் பி.எச். பார்க்கிற காகிதம் கிடைக்கும், தண்ணீரிலும் மண் ஊறிய தண்ணீரிலும் தோய்த்துப் பாருங்கள். என் போர் தண்ணீர் எட்டு காட்டியது. மழைத்தண்ணீர் பிடிக்க வழி இருந்தால் இந்தச் செடிக்கு மட்டுமாவது அதையே ஊற்றுங்கள். இல்லாவிட்டால் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீர், போரைவிடத் தேவலை.

கோரிமேட்டு வாசல்:

நாகலூர் அண்ணா, படித்ததும் நர்சரிக்காரரை நினைத்து வெட்கமாக இருந்தது. அவரிடம் போனில் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். நாளைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். காகிதம் வாங்கிப் பார்த்தேன், தொட்டி மண் ஏழரை. இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன். கூப்பிடு தூரத்தில் மலை இருக்கிறது, அங்கே பூத்தது இங்கே ஏன் பூக்காது என்றே நினைத்திருந்தேன்.

நாகலூர் தோட்டக்காரன்:

கூப்பிடு தூரம்தான், ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். மார்கழி இரவுக் குளிர் உங்களுக்கு இங்கே அளவுக்குக் கிடைக்காது. அதனால் எங்கள் புதர் மாதிரி நூறு கொத்து வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுத் தண்டில் பூக்கிற குணம் இருப்பதால்தான் சேலத்தில் இந்த ரகத்துக்குக் கொஞ்சமாவது வழி இருக்கிறது.

முதலில் சிமெண்ட் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மண் தொட்டியோ தடிமனான பையோ போதும். வேரைக் கலைக்காமல், பழைய மண்ணை ஓரத்தில் மட்டும் உதிர்த்துவிட்டு, இரண்டு மூன்று தடவை அலசிய தேங்காய்நார்க் கழிவு பாதி, இலைமக்கும் செம்மண்ணும் பாதி. ஒரு மாதம் எந்த உரமும் வேண்டாம். இலை மஞ்சளுக்கு அன்னபேதி (இரும்பு உப்பு) லிட்டருக்கு 3 கிராம், ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். வாசல் தரையில் பட்டால் துருக்கறை போகாது, சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

செடி தேறிப் புதுக் கொழுந்து விட்டபிறகு நீலத்துக்குப் படிகாரம். நாட்டு மருந்துக் கடைப் படிகாரம்தான், அதில் அலுமினியம் இருக்கிறது. லிட்டருக்கு 4 கிராம் கரைத்து, 15 நாளுக்கு ஒரு தடவை. முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண் நனைந்தபிறகு இதை ஊற்றுங்கள், காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். அதிகம் போட்டால் சீக்கிரம் நீலமாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள், நான் அப்படி ஒரு செடியை இழந்திருக்கிறேன். விரிந்த பூ மாறாது, அடுத்து வரும் கொத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

மதியம் இலை துவண்டு தொங்கும், பயந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். விரலை விட்டுப் பாருங்கள், மண் ஈரமாக இருந்தால் சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். வீட்டில் ஆடு, நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், இலை தின்றால் அவற்றுக்கு ஆகாது.

கோரிமேட்டு வாசல் (மூன்று மாதம் கழித்து):

அண்ணா, பொங்கல் முடிந்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரை மூன்று டிரம்மில் பிடித்துவைத்து அதையே ஊற்றினேன். இலை பச்சையாகிவிட்டது. மண் இப்போது ஆறு காட்டுகிறது. போன வாரம் ஒரு கொத்து விரிந்தது, என் உள்ளங்கை அளவுதான். ஓரமெல்லாம் ஊதா, நடுவில் ஏழெட்டுப் பூ சுத்த நீலம். அம்மா குனிந்து பார்த்துவிட்டு "படிக்குக் கீழ் வரிசையில இருந்தது இந்தக் கலர்தான், மேல இருந்தது இன்னும் கறுப்பா இருக்கும்" என்றார். இப்போது காலைக் காப்பி அங்கே உட்கார்ந்துதான். இன்னும் இரண்டு தண்டின் நுனி பருத்திருக்கிறது. இந்தக் கொத்து காய்ந்ததும் எங்கே வெட்டட்டும்?

நாகலூர் தோட்டக்காரன்:

ரொம்ப சந்தோஷம்மா. கொத்துக்குக் கீழே வருகிற முதல் ஜோடி நல்ல இலைக்கு மேலே வெட்டுங்கள், அதற்குக் கீழே கத்தரி போக வேண்டாம். பருத்திருக்கிற இரண்டையும் தொடாதீர்கள். மார்ச்சிலிருந்து காலை வெயிலுக்கும் ஒரு பச்சை வலை கட்டிவிடுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த மேல்வரிசை நிறத்தில் என்னிடம் ஒரு செடி இருக்கிறது. ஆனியில் பதியன் போட்டுக் கீழே அனுப்புகிறேன்.