சிமெண்ட் ஆலை லேஅவுட்: தூசி முதல்லயா, லைன் முதல்லயா?

கொழிஞ்சாம்பாறை87

எல்லாருக்கும் வணக்கங்க. மாடி ரூம்ல 12 அடி நீளம், 2 அடி அகலத்துல ஒரு மாடல் ரயில் லேஅவுட் முக்கால்வாசி முடிச்சிருக்கேன். எச்.ஓ. ஸ்கேல் (நிஜத்துல 87-ல ஒரு பங்கு), 16.5 மி.மீ. ட்ராக். வாளையாருக்கும் எட்டிமடைக்கும் நடுவுல ஒரு சிமெண்ட் ஆலை இருந்து, அதுக்கு மெயின் லைன்ல இருந்து சைடிங் (ஆலைக்குள்ள போற கிளை லைன்) பிரிஞ்சா எப்படி இருக்கும்ங்கறதுதான் கற்பனை. காலம் 2010 வாக்கில். ஈரோடு ஷெட் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின் ஒண்ணு, பிசிஎன்எச்எல் மூடி வேகன் அஞ்சு, நிலக்கரிக்குப் பாக்ஸ்என் திறந்த வேகன் நாலு.

பின்பக்கம் மெயின் லைன். முன்னாடி ரெண்டு சைடிங். முதல் சைடிங் பேக்கிங் ஷெட் வழியா உள்ள போயி, அந்தக் கடைசியில நிலக்கரி இறக்கற இடத்துல முடியுது. ரெண்டாவது சும்மா வேகன் நிறுத்தறதுக்கு. இடது ஓரத்துல ஷண்டிங் நெக் (வேகனை லைன் மாத்த எஞ்சின் இழுத்துட்டுப் போய் நிக்கற முட்டு லைன்) 30 செ.மீ. சைலோ (சிமெண்ட் சேமிக்கற உருளை) நாலும் பி.வி.சி. பைப்புல செஞ்சது. ஏர்பிரஷ் வாங்கியாச்சு. அடுத்த வாரம் ஆலை மொத்தத்துக்கும் சாம்பல் கலர் அடிச்சுத் தூசி படிஞ்ச மாதிரி கொண்டு வரலாம்னு இருக்கேன். படம் போட்டிருக்கேன், அதுக்கு முன்னாடி ஏதாவது திருத்தணும்னா சொல்லுங்க.

போத்தனூர்_ஷெட்

தம்பி, படம் பார்த்தேன். சைலோ அருமை. தாராளமா அடிங்க. சிமெண்ட் ஆலைன்னா தூசிதான். நான் பதினஞ்சு வருஷமா வேகன் வெதரிங் (பழசாத் தெரியற மாதிரி கலர் அடிக்கறது) செய்யறேன், எங்க வீட்டுக்கு வர்றவங்க யாரும் ட்ராக் பிளானைப் பார்த்து நின்னதில்ல. கதவுக்குக் கீழ வழிஞ்ச துரு, பைப் ஜாயின்ட்ல கசிஞ்ச எண்ணெய்க் கறை, இதைத்தான் குனிஞ்சு பார்க்கறாங்க. முதல்ல சாம்பலை நல்லாத் தண்ணியா கரைச்சு ஒரு கோட். காய்ஞ்சதும் சாக் பேஸ்டலை அரைச்ச பொடி, பிரஷ்ல. மேல மேட் வார்னிஷ். வார்னிஷ் பட்டா பொடி பாதி மறைஞ்சிரும், அதனால ரெண்டு மூணு தடவை மாத்தி மாத்தி செய்யணும்.

வாளையார்_லோடிங்

தம்பி, அடிக்காதீங்க. ஒரு வாரம் பொறுங்க.

நான் ஒரு சிமெண்ட் ஆலையில லோடிங் யார்டுல 22 வருஷம் இருந்தவன். உங்க படத்தைப் பார்த்ததும் சைலோ கண்ணுல படல. நிலக்கரி எப்படி உள்ள வரும்ங்கறதுதான் கண்ணுல பட்டுச்சு. பேக்கிங் ஷெட்டுல மூட்டை ஏத்திக்கிட்டு இருக்கற வேகனை எல்லாம் வெளிய இழுத்துட்டு, நிலக்கரி ரேக்கை (வேகன் வரிசையை) அதே ஷெட் வழியா உள்ள தள்ளணும். லோடிங்கை நிறுத்தற மாதிரி எந்த ஆலையிலயும் ஒரு லைன் போட மாட்டாங்க. நிலக்கரி வேற பக்கம், மூட்டை வேற பக்கம்.

அடுத்தது நெக். பிசிஎன்எச்எல் நிஜத்துல 10.96 மீட்டர், எச்.ஓ.வுல 12.6 செ.மீ. டபிள்யூடிஎம்-2 17.12 மீட்டர், கிட்டத்தட்ட 20 செ.மீ. ரெண்டையும் கூட்டினா 32.6. உங்க நெக் 30. எஞ்சின் ஒரு வேகனைக்கூட இழுத்துட்டுப் போய் பாயிண்டை (லைன் பிரியற இடம்) தாண்ட முடியாது. இந்த லேஅவுட்டுல ஷண்டிங்கே நடக்காது தம்பி. மூணு வேகனாவது இழுக்கணும்னா 58 செ.மீ. வேணும்.

இன்னொண்ணு, லோடிங் பிளாட்பாரத்தை பாசஞ்சர் ஸ்டேஷன் உயரத்துல வெச்சிருக்கீங்க. பிளாட்பாரம் வேகனோட உள்தரை மட்டத்துக்கு உயரணும். மூட்டையைத் தோள்ல வெச்சுக்கிட்டு படியேறியா உள்ள போவாங்க?

போத்தனூர்_ஷெட்

அண்ணா, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனா இது மாடல். நிஜ ரேக்குல பிசிஎன்எச்எல் 58 வேகன். எச்.ஓ.வுல அதை நிறுத்தணும்னா ஏழே கால் மீட்டருக்கு மேல, 24 அடி வேணும். தம்பியோட பலகையே 12 அடி. எதையாவது சுருக்கித்தான் ஆகணும். ரேக்கை அஞ்சு வேகனா சுருக்கும்போது ஒத்துக்கற நாம, லைனை ஒண்ணா சுருக்கினா மட்டும் ஏன் தப்புங்கறோம்? சுருக்கினதை மறைக்கறதுதான் வெதரிங் வேலை. கண்ணு தூசியை நம்பிட்டா மத்ததையும் நம்பிடும்.

மீனாட்சிபுரம்_மீட்டர்கேஜ்

நடுவுல ஒரு வார்த்தை. சுருக்கறது பத்திப் பேசறீங்க, சரி. 16.5 மி.மீ. ட்ராக்கைப் பத்தி யாருமே பேசல. நம்ம பிராட்கேஜ் 1676 மி.மீ. 87-ஆல வகுத்தா 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல வரும். கிட்டத்தட்ட மூணு மி.மீ. குறையுது. எஞ்சினை நேரா முன்னால இருந்து பாருங்க, ஒல்லிக் காலு மாதிரி தெரியும். நான் இதனாலதான் மீட்டர்கேஜுக்குப் போனேன், 12 மி.மீ. ட்ராக், நிஜத்தோட கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பொள்ளாச்சி, கொல்லங்கோடு லைன் 2008 கடைசியில பிராட்கேஜா மாத்தறதுக்காக மூடறதுக்கு முன்னாடி முதலமடையில நின்னு பார்த்த கண்ணுக்கு வேற எதுவும் பிடிக்கல.

வாளையார்_லோடிங்

அம்மா சொல்றது கணக்குப்படி சரி. ஆனா தம்பி இப்ப ட்ராக் மொத்தத்தையும் கையால கட்டணும்னா ரெண்டு வருஷம் ஆகும், பாயிண்ட் எல்லாம் புதுசா செய்யணும். பக்கவாட்டுல இருந்து பார்க்கற ஷெல்ஃப் லேஅவுட்டுல அகலம் அவ்வளவா தெரியாது. அதை விட்டுடலாம்.

போத்தனூர் தம்பி, உங்க கேள்விக்கு வர்றேன். 58 வேகனை அஞ்சா குறைச்சா வேலை மாறாது. காலி வருது, லோடு போகுது. அஞ்சுலயும் அதே வேலை. ஆனா நிலக்கரியும் மூட்டையும் ஒரே லைன்ல வந்தா அங்க வேலையே நடக்காது. ரெண்டும் ஒரே சுருக்கல் இல்ல.

தூசியையும் சொல்றேன், ஏன்னா உங்க தூசியும் லைனைப் பொறுத்ததுதான். ஆலை மொத்தத்துக்கும் ஒரே சாம்பல்னு நினைக்கறீங்க. கிரஷர் பக்கம் சுண்ணாம்புக்கல் தூசி, அது வெளிறின பழுப்பு. கிளிங்கர் (சூளையில இருந்து வர்ற, அரைக்காத சிமெண்ட்) கிட்டத்தட்ட கரும்பச்சை கலந்த கறுப்பு, உருண்டை உருண்டையா கிடக்கும். ஜிப்சம் கொட்டற இடம் வெள்ளை. நிலக்கரி பக்கம் கறுப்பு. சாம்பல்ங்கறது பேக்கிங் ஷெட்டைச் சுத்தி மட்டும்தான். இதை எல்லாம் ஒரே கோட்டுல மூடினா ஆலை தெரியாது, சாம்பல் மழை பெஞ்ச ஊர் மாதிரி இருக்கும்.

இன்னும் கிட்ட போய் ஒண்ணு சொல்றேன். பேக்கிங் ஷெட் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதோட பள்ளத்துல தூசி விழும். ராத்திரி பனி, காலையில கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான், சிமெண்ட் இறுகிரும். அடுத்த நாள் அது மேல இன்னொரு படலம். வருஷக்கணக்குல அந்தப் பள்ளம் பாதி நிரம்பி, மேடு மட்டும் வரிவரியா தெரியும். கூரை ஓரத்துல தண்ணி சொட்டற இடத்துல கல்லு மாதிரி சின்னச் சின்ன விழுது தொங்கும். தரையில மூட்டை உடைஞ்சு கொட்டின இடம் மழைக்கு அப்புறம் தோசை மாதிரி தட்டையா இறுகிக் கிடக்கும், ஓரம் மட்டும் தூக்கிக்கிட்டு. நாங்க கடப்பாறை போட்டுப் பேர்த்திருக்கோம். ஏர்பிரஷ்ல இது வராது தம்பி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைச்சு, ஊசியில எடுத்து, ஷீட் பள்ளத்துல ஒவ்வொண்ணா விடணும்.

போத்தனூர்_ஷெட்

அந்த ஷீட் பள்ளம் விஷயம் எனக்குத் தெரியாதுங்க அண்ணா, மனசார ஒத்துக்கறேன். ஆனா இதே என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்குது. தோசை மாதிரி இறுகின அந்த ஒரு திட்டைச் சரியா செஞ்சா, பார்க்கறவங்க ஆலையை நம்பிடுவாங்க. பாயிண்ட் எங்க இருக்குன்னு கேட்க மாட்டாங்க. நான் இன்னும் தூசி பக்கம்தான்.

அப்புறம் தம்பி, நிஜத் தூசி வேணும்னா வீட்டுல இருக்கற மிச்ச சிமெண்டையே மெல்லிசு துணியில சலிச்சுத் தூவலாம். கலர் அச்சு அசல்.

மீனாட்சிபுரம்_மீட்டர்கேஜ்

வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம். நிஜ சிமெண்ட் ஈரத்தை உறிஞ்சும், காரம், அரிக்கும். கியர்ல புகுந்தா சாணைக்கல் மாதிரி தேய்க்கும். தண்டவாளத்து மேல ஒரு படலம் உக்காந்தா கரண்ட் எடுக்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஜூன்ல எப்படின்னு நம்மளுக்குத் தெரியும், கொழிஞ்சாம்பாறையில மழை குறைவுன்னாலும் ஈரக்காத்து வரும். என் முதல் லேஅவுட்டுல அடுப்புச் சாம்பலைத் தூவி, ஒரு மழைக்காலம் முடிஞ்சதும் மூணு பாயிண்ட் நகரவே இல்ல. சாக் பேஸ்டல் பொடி போதும்.

மண்ணு போடறதா இருந்தாலும் ஒரு வேலை செய்யுங்க. காந்தத்தை பாலித்தீன் கவர்ல போட்டு மண்ணுல நல்லாத் துழாவுங்க. கறுப்பா ஒட்டற இரும்புத்துகளை எடுத்துருங்க. இல்லைன்னா அது நேரா மோட்டார் காந்தத்துல போய் ஒட்டிக்கும். பிளைவுட்டுக்கு அடியிலயும் ஓரத்துலயும் பெயின்ட் அடிச்சீங்களா? மேல மட்டும் அடிச்சா பலகை வளைஞ்சிரும்.

கொழிஞ்சாம்பாறை87

எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா, அடியில அடிக்கல, இந்த வாரமே அடிச்சிடறேன்.

வாளையார் ஐயா, நேத்து ராத்திரி உங்க கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எஞ்சினோட ஒரு வேகனை மாட்டி நெக்ல விட்டேன். பஃபர் ஸ்டாப்ல எஞ்சின் முட்டி நிக்குது, வேகனோட பின் சக்கரம் இன்னும் பாயிண்ட் மேலயே இருக்குது. ஆறு மாசமா இதைக் கவனிக்காம சைலோ செஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

ஒரு சந்தேகம். ரெண்டாவது சைடிங்கை நிலக்கரிக்குத் திருப்பிட்டா, வேகன் நிறுத்த இடமிருக்காதே?

வாளையார்_லோடிங்

நிறுத்தற லைன் வேண்டாம். மெயின் லைனுக்குப் பக்கத்துல ஒரு லூப் (ரெண்டு முனையும் மெயின் லைன்ல சேர்ற லைன்) போடுங்க, வர்ற ரேக் அங்க நிக்கட்டும். எஞ்சினைக் கழட்டி மெயின் லைன் வழியா சுத்தி மறுபக்கம் வந்து மாட்டலாம். நெக்கை இடது ஓரத்துல 30 செ.மீ. பலகை சேர்த்து நீட்டுங்க, ஜன்னலுக்குக் கீழ இடமிருக்கற மாதிரி படத்துல தெரியுது. நிலக்கரி லைன் வலது ஓரத்துல முடியட்டும், பேக்கிங் ஷெட்டுக்கு எதிர்க் கடைசியில. ஷெட்டு பக்கம் சாம்பல், அந்தப் பக்கம் கறுப்பு, நடுவுல சைலோ. பாக்ஸ்என் நாலுக்கும் நிலக்கரி லோடைத் தனியா எடுக்கற மாதிரி செய்யுங்க. லோடோட உள்ள போகணும், காலியா வெளிய வரணும்.

போத்தனூர்_ஷெட்

நான் என் கருத்தை மாத்திக்கல. ஆனா தம்பி, ட்ராக்கைப் பிடுங்கறதா முடிவு பண்ணினா, புது தண்டவாளத்தைக் கோட் 75-ல (உயரம் 0.075 அங்குலம்) வாங்குங்க. 60 கிலோ தண்டவாளம் நிஜத்துல 172 மி.மீ. உயரம், எச்.ஓ.வுல 2 மி.மீ. வரும். கோட் 75 அதுக்குப் பக்கத்துல இருக்கும், கோட் 100 தடியா தெரியும். துரு கலர் அடிக்கறப்ப அந்த வித்தியாசம் நல்லாவே காட்டிக் கொடுக்கும். கூரை ஷீட்டுக்குப் பிளாஸ்டர் விடறப்ப எனக்கு ஒரு போன் பண்ணுங்க, நானும் வந்து பார்க்கறேன்.

கொழிஞ்சாம்பாறை87

கண்டிப்பா வாங்கண்ணா. ஞாயித்துக்கிழமை பேக்கிங் ஷெட் லைனைப் பிடுங்கறேன். ஜல்லி ஃபெவிகால்ல இறுகிக் கெடக்குது, வெந்நீர் ஊத்தினா இளகுமாங்க?

மீனாட்சிபுரம்_மீட்டர்கேஜ்

இளகும். வெந்நீர்ல நாலு சொட்டு பாத்திரம் கழுவற திரவம் விட்டு, சிரிஞ்சுல எடுத்து ஜல்லி மேல மட்டும் விடுங்க, கால் மணி நேரம் ஊறட்டும். ஆனா முதல்ல பலகைக்கு அடியில பெயின்ட்.