வடக்குத் தெரு சொந்தங்கள்: மீனாட்சி சித்தியின் கண்

செல்வி: அம்மாவுக்குக் கண் வீக்கம் குறையவில்லை. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். இன்று ஸ்கேன் எடுத்தோம். கண்ணை அசைக்கிற தசையில் நாடாப்புழுக் கட்டி என்கிறார்கள்.

பாலா: கண்ணில் புழுவா?

காந்திமதி அத்தை: முருகா

முருகன்: எந்தக் கண்

செல்வி: வலது

காந்திமதி அத்தை: அது பன்றிக்கறியில் வருகிற புழுவாச்சே. மீனாட்சி முட்டைகூடத் தொடமாட்டாள். செல்வி வீட்டில் போய் ஆறு மாதம் இருந்தாளே, அப்போதா?

செல்வி: எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தனிப் பாத்திரம், அத்தை. நீங்கள் கல்யாணத்துக்கே வரவில்லை, எப்படித் தெரியும்?

முருகன்: விடும்மா

ராஜு மாமா: செல்வி, பயப்படாதே. 31 வருடம் சுகாதார ஆய்வாளராக ஊர் ஊராகப் போனவன் சொல்கிறேன். மதினி, சரியாக வேகாத கறியைத் தின்றால் குடலில் முழுப் புழு வளரும், 2 முதல் 7 மீட்டர் நீளம். மீனாட்சிக்கு வந்த வழி வேறு. அப்படிக் குடலில் புழு இருக்கிறவரின் மலத்தில் முட்டை வெளியேறும். அவர் கையைச் சரியாகக் கழுவாமல் பரிமாறினால் போதும். முட்டை நகத்தில் ஒட்டும், கீரையில் ஒட்டும், தண்ணீரில் கலக்கும். நம் வயிற்றில் போய்ப் பொரிந்து, குஞ்சுப் புழு ரத்தத்தோடு ஓடித் தசை, மூளை, கண் என்று எங்காவது கட்டியாகத் தங்கும். சுத்த சைவத்துக்கும் வரும். இதில் யார் வீட்டையும் இழுக்காதீர்கள்.

முருகன்: சரி மாமா

பாலா: பிப்ரவரி 10 அன்று பிள்ளைகளுக்குப் பள்ளியில் தருகிற பூச்சி மாத்திரை, அல்பெண்டசோல், எங்களிடம் 2 இருக்கு. சித்திக்குக் கொடுக்கலாமா?

ராஜு மாமா: கொடுக்காதே! மருந்து அதேதான். ஆனால் விழிக்குள்ளோ மூளையிலோ இன்னொரு கட்டி இருந்தால், புழு சாகும்போது சுற்றிலும் வீங்கும். பார்வை போகலாம், வலிப்பு வரலாம். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உள்ளே பார்த்தார்களா செல்வி? தலை ஸ்கேன்?

செல்வி: கண்ணுக்குள் ஒன்றுமில்லை என்றார்கள். தலை ஸ்கேன் வியாழக்கிழமை.

ராஜு மாமா: அப்பாடா. விழிக்குள் என்றால் ஆபரேஷன்தான். தசையில் மட்டும் என்றால் எடைக்குத் தக்க மாத்திரை, நாலு வாரம்போல, கூடவே வீக்கம் குறைய ஸ்டீராய்டு. டாக்டர் தொடங்கும்வரை ஒன்றும் வேண்டாம்.

காந்திமதி அத்தை: ஞாயிறு காதுகுத்துக்குப் பெரிய அண்டா வேண்டுமே. முருகன் வீட்டிலா?

முருகன்: உங்கள் வீட்டில். 2019-இலிருந்து

காந்திமதி அத்தை: அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன்

பாலா: திருப்பித் தரவில்லை என்கிறாள் அம்மா

ராஜு மாமா: அண்டா கிடக்கட்டும். மீனாட்சியோடு ஒரே சமையலில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் மலப் பரிசோதனை செய்ய வேண்டும். புழு யாரிடமாவது இருந்தால் திரும்பவும் வரும். மீனாட்சி குடலிலேயே இருக்கலாம்.

காந்திமதி அத்தை: நானுமா?

ராஜு மாமா: பொங்கலுக்குப் பத்து நாள் அங்கேதானே இருந்தீர்கள், மதினி.

முருகன்: காதுகுத்து முடியட்டும் மாமா

ராஜு மாமா: முடிந்த மறுநாளே. கீரையை நாலு தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். பச்சைக் கொத்தமல்லிச் சட்னி வேண்டாம்.

செல்வி: வியாழக்கிழமை யாராவது கூட வர முடியுமா? அவர் ஊரில் இல்லை.

முருகன்: கார் சர்வீஸில் இருக்கு. பார்க்கிறேன்

காந்திமதி அத்தை: நான் வரட்டுமா செல்வி?

செல்வி: அம்மா தூங்குகிறாள். எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன் அத்தை.

முருகன்: அண்டா?